தபால் கொடுக்கப் போகும்போது என்ன உடுப்பது? கச்சான் வெக்கைக்கு ஒன்று, மாரி மழைக்கு ஒன்று வேண்டுமா?

கல்லடிப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் தபால்காரர் வேலை கிடைத்திருக்கிறது. வருகிற முதலாம் திகதி பொறுப்பேற்க வேண்டும். போட்டிருக்கும் இடம் படுவான்கரை. மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், வயலும் குளமுமாக நீளும் ஒரு பிரிவு. நான் பிறந்து வளர்ந்தது கல்லடியில். எனக்குக் கடல் மணல் தெரியும், களிமண் தெரியாது.

காக்கிச் சேட்டு, காக்கிக் களிசான் என்பது தெரியும். அதில் கேள்வி இல்லை. மற்றதெல்லாம்தான் கேள்வி. சப்பாத்துப் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிப்பதா, செருப்பா? இப்போதே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பத்து மணிக்கு வீட்டு முற்றத்தில் நிற்க முடியவில்லை. அந்தத் தடித்த துணியோடு இரண்டு மணி வரை எப்படித் தாக்குப்பிடிப்பது? மாரி வந்தால் மழைக்கோட்டா, குடையா? அம்மா குடை கொண்டுபோ என்கிறார். ஒரு கையில் குடை, மற்றக் கையில் ஹாண்டில், அப்படியானால் கடிதத்தை எந்தக் கையால் கொடுப்பது என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை, ஆனாலும் கொண்டுபோ என்கிறார்.

இன்னொன்று. வெளிநாட்டு வீடியோக்களில் தபால்காரர்கள் அரைக்களிசானோடு போகிறார்கள். நம் வெயிலுக்கு அதுதானே சரி? சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் கேட்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மூன்றாம் குறுக்கு:

வாட்ஸப் இருக்கும் காலத்தில் கடிதம் யாருக்கு வருகிறது தம்பி? சாரனோடு போனாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பழைய தபால்பை:

மேலே எழுதியவருக்குப் பிறகு பதில் சொல்கிறேன். முதலில் தம்பிக்கு வாழ்த்து.

நான் 1985இல் சேர்ந்து 2020இல் ஓய்வு பெற்றவன். இடையில் 18 வருடம் படுவான்கரைதான். வீடு களுவாஞ்சிகுடிப் பக்கம். விடியற்காலையில் குருமண்வெளித் துறைக்கு வந்து, சைக்கிளைப் பாதையில் ஏற்றி மண்டூர்க் கரையில் இறங்கினால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும். (பாதை என்றால் ரோட்டு இல்லை, வாவியைக் கடக்கும் தட்டைப் படகு. கல்லடிப் பிள்ளைக்குத் தெரியும், வேறு ஊரார் படித்தால் குழம்பக் கூடாது என்று எழுதுகிறேன்.)

காலிலிருந்து தொடங்குவோம். சேர்ந்த புதிதில் கறுப்புத் தோல் சப்பாத்து வாங்கி, தினமும் பொலிஷ் போட்டுக்கொண்டு போனேன். முதல் மாரி வந்தது. ஒரு போடியாருக்கு, அதாவது வயல் சொந்தக்காரருக்கு, பதிவுத் தபால். அவர் வாடியில் நிற்கிறார் என்றார்கள். சைக்கிளை ரோட்டில் சாத்திவிட்டு வரம்பால் நடந்தேன். வரம்பு சரிந்தது. கால் வந்துவிட்டது, சப்பாத்து வரவில்லை. பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நான் நிற்க, போடியார் மண்வெட்டியோடு வந்து என் சப்பாத்தைத் தோண்டி எடுத்தார். கையெழுத்துப் போடும்போது அவருக்குச் சிரிப்பில் கை நடுங்கியது. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத் தபாலதிபர் "இது என்ன கையெழுத்து?" என்று என்னைக் கேட்டது தனிக் கதை.

அதனால் மாரியில் பின்வார் வைத்த றப்பர் செருப்பு. இரண்டு வார் பாத்றூம் செருப்பு வேண்டாம், களி இழுத்தால் முன்வார் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சப்பாத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கந்தோரில் வைத்திருங்கள். கோடையில் மட்டும் சப்பாத்துப் போடலாம், பருத்திக் காலுறையோடு. அறுவடை முடிந்த வயலில் தாள்க்கட்டை குத்தும், நெருஞ்சி குத்தும், பாம்பும் கிடக்கும். வாவிக்கு இந்தப் பக்கம், கடலோர எழுவான்கரை மணலில் சப்பாத்துப் போட்டால் ஒரு வளவு தாண்டுவதற்குள் உள்ளே அரைச் சுண்டு மணல் சேர்ந்துவிடும், அது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

கச்சானுக்கு வருவோம். எல்லோரும் செய்கிற பிழை, வெக்கை என்று உள்ளே பெனியனைக் கழற்றுவது. கழற்றாதீர்கள். பெனியன் வேர்வையைக் குடிக்கும், காக்கி முதுகில் ஒட்டாது. பெனியன் இல்லாமல் போன நாட்களில் என் முதுகில் உப்பு வெள்ளையாக வரைபடம் கீறியிருக்கும். கையை மடிக்காமல் முழுக்கை போடுங்கள். காற்று சுடும்போது தோலை மூடுவதுதான் குளிர்ச்சி, வயலில் வேலை செய்கிற பெண்கள் முழுக்கைச் சேட்டுப் போடுவது எதற்கு என்று நினைத்தீர்கள்?

கஞ்சி போட வேண்டாம். என் மனுசி ஆசையாக என் சேட்டுக்குச் சோற்றுக் கஞ்சி போட்டு, பெட்டி போட்டு, மட்டை மாதிரி எடுத்துத் தருவார். காலையில் கம்பீரம்தான். பத்து மணிக்கு வேர்வையும் கஞ்சியும் சேர்ந்து பசையாகிவிடும். ஒருநாள் முத்திரை ஒன்று என் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. அதைக் காட்டித்தான் கஞ்சியை நிற்பாட்டினேன். சொல்லி நிற்பாட்ட முடியவில்லை.

மாரியில் முதலில் பை நனையக் கூடாது, மறுகாதான் நீங்கள். ஆள் காய்ந்துவிடுவான், கடிதத்தின் மை காயாது. பைக்கு உள்ளே ஒரு தடித்த பொலித்தீன், மேலே ஒரு மூடி. உங்களுக்கு இரண்டு துண்டாக வரும் மழைக்கோட்டு நல்லது. நீளக் கோட்டு சைக்கிள் சில்லில் சுற்றும். கோட்டு இல்லாத காலத்தில் நான் யூரியாப் பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறேன். பார்க்க வடிவில்லை, ஆனால் கண்ணுக்கு மேல் தண்ணீர் ஒழுகாது. குடையை அம்மாவின் மனதுக்காகக் கொண்டுபோய்க் கந்தோரில் வையுங்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம். சேட்டைப் பற்றி இவ்வளவு கேட்கிறீர்கள், பையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பொலிஸ்காரருக்கும் காக்கி, நமக்கும் காக்கி. இப்போது அது ஒரு பொருட்டே இல்லை. 1990 ஜூனுக்குப் பிறகு அப்படி இல்லை. அந்த மாதம் கிழக்கில் காக்கி போட்ட பொலிஸ்காரர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டதை வயதானவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. படுவான்கரையில் தூரத்தில் காக்கி தெரிந்தால் வயலில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருமுறை வேலியோரம் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் என்னைக் கண்டுவிட்டு ஓடிப்போய் வைக்கோல் போரில் ஒளிந்துகொண்டான். அவன் வீட்டுக்குத்தான் கடிதம், கட்டாரில் இருந்து அவன் அப்பா எழுதியது. வைக்கோலை விலக்கி அவன் வெளியே வரும் வரை நான் நின்று, பிறகு அவன் கையிலேயே கொடுத்தேன்.

அன்றிலிருந்து பழக்கத்தை மாற்றினேன். இக்கரையில் ஆமியின் சாவடி. அங்கே காக்கியைப் பார்த்ததும் அரச உத்தியோகத்தன் என்று தெரிந்துவிடும், ஆனால் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். பாதையில் கடந்து, புலிகளின் கையில் இருந்த அக்கரை ஏறியதும் எல்லாம் தலைகீழ். பையைப் பார்த்தால் சரி, சேட்டைப் பார்த்தால்தான் யோசனை. அதனால் துறையில் இறங்கியதும் பையை முதுகிலிருந்து இழுத்து நெஞ்சுக்கு முன்னால் போட்டுக்கொள்வேன், முதல் வளைவிலிருந்தே மணி அடித்துக்கொண்டு போவேன். யாரும் இல்லாத ரோட்டிலும் அடிப்பேன். அங்கிருந்து மாற்றலாகும் வரை இப்படித்தான். அதற்குப் பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. ஓய்வு பெறுகிற அன்றும் பை முன்னால்தான் இருந்தது. புதிதாக வந்த பொடியன்கள், ஐயா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரிப் போகிறார் என்பார்கள்.

சுனாமியின்போது நான் எழுவான்கரைக்கு மாற்றலாகி ஒரு வருடம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். மறுநாள் வேலைக்கென்று தோய்த்த இரண்டு காக்கியும் கொடியில் கிடந்தன. கொடியும் போய்விட்டது, கொடி கட்டிய மரமும் போய்விட்டது. பை மட்டும் கந்தோரில் இருந்தபடியால் தப்பியது. பிறகு வேலை தொடங்கியபோது நிவாரணத்தில் வந்த ஒரு ரீசேட்டும் யாருடையதோ ஒரு களிசானும் போட்டுக்கொண்டு, ஆட்கள் தங்கியிருந்த பாடசாலைகளுக்குப் போனேன். கடிதத்தில் இருக்கிற முகவரியில் வீடே இல்லை. வகுப்பறை வகுப்பறையாகப் பெயர் கூப்பிட வேண்டும். ரீசேட்டின் முன்னால் ஏதோ ஒரு கால்பந்துக் கழகத்தின் சின்னம். ஒருவரும் நீ யார் என்று கேட்கவில்லை. பையைக் கண்டதும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

மூன்றாம் குறுக்குக்காரரே, இதுதான் உங்களுக்கும் பதில். கடிதம் குறைந்துவிட்டது என்பது உண்மை. வங்கியும் நீதிமன்றமும் இன்னும் வாட்ஸப்பில் எழுதத் தொடங்கவில்லை.

அரைக்களிசான் பற்றி எனக்குத் தெரியாது. போடியார் வீட்டு நாய்களுக்கு அது மிகவும் பிடிக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

காத்தான்குடி கத்தரிக்கோல்:

தம்பி, நான் 22 வருடமாகத் தைக்கிறேன், தபால்காரர்களுக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்களின் பழைய சேட்டைக் கையில் எடுத்தாலே தெரியும். பொலிஸ்காரரின் சேட்டு இடுப்பில் தேயும், ஆசிரியரின் சேட்டு மணிக்கட்டில் தேயும், தபால்காரரின் சேட்டு ஒரு தோளில் மட்டும் தேயும். பை வார் உரசுகிற தோள். ஐயா பையை முன்னால் போட்டாலும் வார் அதே தோளில்தான்.

தைக்கக் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். தோளில் உள்பக்கமாக இரட்டைத் துணி வைக்கச் சொல்லுங்கள், வெளியே தெரியாது. களிசானின் கவட்டில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் சந்திக்க விடாமல் வைர வடிவில் ஒரு துண்டு போடச் சொல்லுங்கள். சைக்கிளில் ஏறி இறங்கும்போது எல்லோருக்கும் கிழிவது அந்தப் புள்ளிதான். ஒருவர் கிழிந்த களிசானோடு தபால்பையை இடுப்பில் பிடித்துக்கொண்டு என் கடைக்குள் வந்தார். அவர் சாரன் கட்டி இருக்க நான் தைத்துக் கொடுத்தேன். பிறகு, நெஞ்சுப் பைக்கு மூடியும் பொத்தானும். மூடி இல்லாவிட்டால் குனிந்து சைக்கிள் பூட்டும்போது பேனா விழும்.

துணியைப் பொறுத்தவரை, முழுப் பருத்தி ட்ரில் என்றால் வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊற வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் தோய்ப்பில் களிசான் கணுக்காலுக்கு ஏறிவிடும். கலப்புத் துணி சுருங்காது, மாரியில் சீக்கிரம் காயும், ஆனால் கச்சானில் உடம்போடு சண்டை பிடிக்கும். ஒன்று அது, ஒன்று இது என்று தைத்து வைப்பது நல்லது. பருத்தியைக் கோடைக்கு வையுங்கள்.

லண்டன் கல்முனையான்:

அரைக்களிசான் கேள்விக்கு நான் சொல்கிறேன். 11 வருடமாக இங்கே தபால் போடுகிறேன். ஊரில் எங்கள் வாப்பாவுக்குத் தெரிந்தால் வெட்கப்படுவார், நான் பனியிலும் அரைக்களிசான்தான்.

இது ஸ்டைலுக்காக இல்லை. இங்கே பெய்வது ஊர் மழை மாதிரிக் கொட்டிவிட்டு ஓய்வதில்லை, நாள் முழுக்கத் தூறும். களிசான் நனைந்தால் மாலை வரை காலில் ஒட்டிக்கொண்டு குளிரும். முழங்கால் நனைந்தால் துடைத்தால் போதும். அத்துடன் நடந்துகொண்டே இருப்பதால் காலில் குளிர் தெரியாது. ஆனால் தம்பி, இங்கே நெருஞ்சி இல்லை, பாம்பு இல்லை, வெயில் சுடுவதில்லை. ஐயா சொன்ன முழுக்கைக் கணக்குத்தான் உங்கள் காலுக்கும். நாய் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்று. இங்கே கதவில் இருக்கும் துவாரத்தால் கடிதத்தைத் தள்ளும்போது உள்ளேயிருந்து விரலைக் கடிக்கும். அதற்கென்றே கடிதம் தள்ள ஒரு தட்டையான பிளாஸ்டிக் துண்டு வைத்திருக்கிறோம்.

காக்கி பற்றிய கதையைப் படித்தபோது இந்த ஊர்க் கதை ஒன்று நினைவு வந்தது. லண்டன் தபால்காரர்களுக்கு 1793இல் முதன்முதல் சீருடை கொடுத்தபோது அது கடும் சிவப்புக் கோட்டு. 1861இல் அதை நீலமாக்கினார்கள். ஆனாலும் அந்தச் சிவப்பால் வந்த பட்டப்பெயர் நிலைத்துவிட்டது: சிவப்பு நெஞ்சுள்ள ஒரு சின்னக் குருவி இங்கே உண்டு, ராபின். தபால்காரரை அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். நத்தார் வாழ்த்து அட்டைகளில் அந்தக் குருவி வாயில் கடிதத்தோடு நிற்பது அதனால்தான்.

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சினன் இன்னொன்று சொன்னான். அங்கே நகரத்துத் தபால்காரர்களுக்கு 1868இல்தான் சீருடைக்கு அனுமதி வந்தது. கிராமப்புறத் தடங்களில் கொண்டு கொடுக்கிறவர்களுக்கு இன்றும் சீருடை கட்டாயம் இல்லை, சொந்த உடுப்போடு போகலாம். சிரிப்பு என்னவென்றால், நகரத்தில் வெயிலுக்குப் போட அனுமதித்த தொப்பிகளில் ஒன்று நம் ஊரில் ஒருகாலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் போட்டுத் திரிந்த அதே கவிழ்ந்த தொப்பி. துரை விட்டுப்போனதைத் தபால்காரன் போடுகிறான்.

கல்லடிப் பொடியன்:

ஐயா, காத்தான்குடித் தையல்காரக் காக்கா, லண்டன் அண்ணன், எல்லோருக்கும் நன்றி. முதல் கிழமை முடிந்தது, அதனால் வந்து எழுதுகிறேன்.

தோளில் இரட்டைத் துணி வைத்தேன், கவட்டில் வைரத் துண்டும் வைத்தேன். தையல்காரர் "உங்களுக்கு இதை யார் சொல்லித்தந்தார்கள்?" என்று கேட்டார். பெனியன் போட்டேன், ஐயா சொன்னது சரி. செருப்பு இன்னும் வாங்கவில்லை, மாரிக்கு நாள் இருக்கிறது. தலைக்குத்தான் ஒன்றும் செய்யவில்லை, மூன்றாம் நாள் தலையிடித்தது. இப்போது ஓலைத் தொப்பி ஒன்று வாங்கியிருக்கிறேன். காக்கியோடு பார்க்க ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

ஒரு பிரச்சினை. வலது களிசான் கால் ஓரம் முழுக்கச் சங்கிலிக் கிறீஸ். அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார், போகவில்லை.

பையை இரண்டாம் நாளே முன்னால் போட்டுப் பார்த்தேன். மிதிக்கும்போது முழங்கால் இடிக்கிறது ஐயா, நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? ஆனால் ஒன்று நடந்தது. ஒரு வளவில் வயதான அம்மா ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார், கண் தெரியாது. நான் மணி அடிக்கவில்லை, படலையைத் திறந்துகொண்டு போய்விட்டேன். "யாரு மனே?" என்றார். தபால் என்றேன். நம்பவில்லை. கையை நீட்டச் சொன்னார். நான் கையை நீட்டினேன், அவர் அதை விட்டுவிட்டு மேலே தடவிப் பை வாரைப் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் பேரனைக் கூப்பிட்டுக் கடிதத்தை வாங்கச் சொன்னார்.

பழைய தபால்பை:

வாரை இரண்டு ஓட்டை மேலே ஏற்றிப் பூட்டுங்கள், முழங்கால் இடிக்காது. வலது காலுக்கு றப்பர் வளையம், கணுக்காலுக்குச் சற்று மேலே, களிசானை உள்பக்கமாக மடித்து. பழைய சைக்கிள் டியூப்பை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டினால் வருடக்கணக்கில் கிடக்கும்.

அந்த அம்மாவின் வளவு, படலைக்கு இடப்பக்கம் ஒரு பெரிய புளியமரமும் அதற்குக் கீழே உடைந்த வண்டிச் சில்லும் உள்ள வளவா? அப்படியென்றால் மணியை மூன்று தரம் அடியுங்கள். ஒரு தரம் அடித்தால் ஐஸ்பழக்காரன் என்று நினைப்பார்.

லண்டன் கல்முனையான்:

றப்பர் வளையம் வேண்டுமென்றால் சொல்லுங்கள் தம்பி. இங்கே நாங்கள் கடிதக் கட்டுக்குப் போடும் சிவப்பு வளையங்கள் தெருத்தெருவாக விழுந்து கிடக்கும், மக்களுக்கு அதுவே ஒரு முறைப்பாடு. ஒரு பை நிறையப் பொறுக்கி அனுப்புகிறேன். தபாலில்தான்.

கல்லடிப் பொடியன்:

ஐயா, புளியமரம் இருக்கிறது. சில்லு இல்லை. அந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தாங்கி. நாளைக்கு மூன்று தரம் அடித்துப் பார்க்கிறேன்.